ஐம்பத்தோராவது செடி

மனிதகுல வரலாற்றில் மறக்க முடியாத அறிவிப்புகள் சில உண்டு. மனிதன் நிலவில் கால் வைத்த செய்தி அவற்றில் ஒன்று. இன்னொன்று, சென்ற பங்குனி மாதத்து வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, நெய்வேலி நகரியத்தின் ஒரு பிளாக்கில், பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஒட்டப்பட்டது.

‘தமிழக வரலாற்றில், ஏன், தாவர வரலாற்றிலேயே முதன்முறையாக, ஐம்பத்தொரு அரிய மூலிகைகள் கொண்ட, உலகத் தரம் வாய்ந்த மூலிகைப் பூங்கா நமது பிளாக்கில் அமையவிருக்கிறது. இப்பெரும்பணியை முன்னிட்டு, குவார்ட்டர்ஸ்களின் பின்புறத் திடலில் மண்டிக்கிடக்கும் சகல களைகளும் வரும் சனிக்கிழமை அடியோடு அகற்றப்படும். இங்ஙனம், சக்கரபாணி, செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்.’

எந்த பிளாக் என்ற விவரம் வேண்டாம். சொன்னால் செயலாளரிடமிருந்து நான்கு பக்கத்துக்கு மறுப்பறிக்கை வரும்.

பள்ளிப் பேருந்துக்காக நின்றிருந்த ஹுமா அதை இரண்டு முறை படித்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு. முதல் முறை படித்தபோது, நம் பிளாக்கிலா என்று பெருமையாக இருந்தது. இரண்டாம் முறை ‘சகல களைகளும்’ என்ற இடத்துக்கு வந்ததும் அந்தப் பெருமை போய்விட்டது.

ஏனென்றால், அவள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி, திடல் பக்கமாக, ஒரு செடி நின்றது. அதன் பெயர் பேய்மிரட்டி.

பெயரைக் கேட்டால் முறுக்கு மீசை வைத்த செடி என்று தோன்றும். நேரில் பார்த்தால் பரம சாது. ஹுமாவின் தோள் உயரம். பூனைக் காது மாதிரி மெத்தென்ற இலைகள். ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள். இலையைக் கசக்கினால் மூக்கு வரை ஏறும் ஒரு நெடி. வாயில் வைத்தால் மட்டும்தான் பெயருக்கேற்ற வேலையைக் காட்டும். அவ்வளவு கசப்பு.

அந்தச் செடி பாதி ஹுமாவுடையது, பாதி பவித்ராவுடையது.

பவித்ரா பக்கத்துக் குவார்ட்டர்ஸ். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் நான்கு செங்கல் விழுந்த ஓட்டை ஒன்று உண்டு. அதுதான் அவர்களுடைய வாசல். வாசல் கதவு என்று ஒன்று இருப்பதையே இருவரும் மறந்துவிட்டிருந்தார்கள். பேய்மிரட்டியின் நிழல்தான் அவர்கள் கட்டிய வீடு. வேருக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. அது பீரோ.

மழைக்காலத்தில் இருவருக்கும் ஒன்றாகத்தான் சளி பிடிக்கும். பவித்ராவின் அம்மா விஜயகுமாரி அந்த இலையைக் கொதிக்க வைத்து, இரண்டு டம்ளரில் கஷாயம் கொண்டுவருவார். ஹுமா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவாள். பவித்ரா பாதியைக் குடித்துவிட்டு, மீதியைச் செடியின் அடியில் ஊற்றிவிடுவாள்.

“செடியோடதைச் செடிக்கே திருப்பிக் குடுத்துட்டேன். அதுக்கும் சளி பிடிக்காது பாரு” என்பாள்.

சாயங்காலம் கொசு வந்தால் விஜயகுமாரி பஞ்சுத்திரி தேட மாட்டார். ஒரு பச்சை இலையைப் பறித்து, கயிறு மாதிரி முறுக்கி, அகலில் எண்ணெய் விட்டு ஏற்றுவார். பச்சை இலை திரியாக நின்று எரியும். கொசு ஓடியதோ இல்லையோ, அந்த வெளிச்சத்தில் இருவரும் வாய்ப்பாடு படித்தார்கள். பதினாறாம் வாய்ப்பாடு இன்றைக்கும் ஹுமாவுக்கு அந்த இலையின் வாசனையோடுதான் நினைவுக்கு வரும்.

பொங்கல் கழிந்த மறுவாரம் பவித்ராவின் அப்பா அறிவழகனுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தது. லாரியில் கட்டில் ஏறியது, பீரோ ஏறியது, துளசித் தொட்டிகூட ஏறியது. பேய்மிரட்டி ஏறவில்லை. அது திடலுக்குச் சொந்தம்.

“லீவுக்கு வருவேன். அதுவரைக்கும் செடியைப் பாத்துக்கோ” என்றாள் பவித்ரா.

“பாத்துக்கிறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவ்வளவுதான் பேசினார்கள். அதற்குள் லாரிக்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை ஹுமா செயலாளர் வீட்டுக்குப் போனாள். சக்கரபாணி சாய்வு நாற்காலியில் அமர்ந்து, பொருளாளர் ராஜேந்திரனுக்கு அழைப்பிதழ் வாசகம் சொல்லிக்கொண்டிருந்தார். ‘மாபெரும்’ என்ற சொல் அதுவரை ஏழு முறை வந்திருந்தது.

“அங்கிள், திடல்ல எங்க வீட்டுச் சுவரோரம் ஒரு செடி இருக்கு. அதை மட்டும் வெட்ட வேணாம்.”

சக்கரபாணி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். “என்ன செடி?”

“பேய்மிரட்டி. அது மூலிகை அங்கிள். சளிக்குக் கஷாயம் வைப்பாங்க. இலையைக் கொதிக்க வெச்சு ஆவி பிடிப்பாங்க.”

“யாரு நட்டது?”

“யாரும் நடலை. அதுவா வந்துச்சு.”

“அதுவா வந்தா அது களை. நாம வாங்கி வெச்சா அது மூலிகை. வித்தியாசம் புரியுதா?”

ஹுமாவுக்குப் புரியவில்லை. ராஜேந்திரனுக்கும் புரியவில்லை. ஆனால் அவர் பொருளாளர் என்பதால் தலையாட்டினார்.

“மூலிகைன்னா ஒரு பலகை இருக்கணும்மா. தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், பயன். மந்தாரக்குப்பத்துல ஐம்பத்தொரு பலகைக்கு ஆர்டர் குடுத்தாச்சு. செடியெல்லாம் பண்ருட்டியிலேருந்து டெம்போவுல வருது. பேய், பிசாசெல்லாம் உலகத் தரத்துல சேராது. போய்ப் படி.”

அந்த ஐம்பத்தொன்றின் பட்டியலைத் தயாரித்தவர் ராஜேந்திரன். தயாரித்தார் என்றால், செல்போனில் தேடிக் கிடைத்ததை வரிசையாக எழுதினார். சக்கரபாணி அதில் கையெழுத்துப் போட்டார். இருவருமே அதைப் படிக்கவில்லை.

சனிக்கிழமை காலை. கையில் அரிவாளும் தோளில் மண்வெட்டியுமாக ஒப்பந்தத் தொழிலாளி கொளஞ்சிநாதன் திடலுக்கு வந்தார். ஹுமா பேய்மிரட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணா, இதை வெட்டாதீங்க” என்று கிசுகிசுத்தாள்.

“ஏம்மா குசுகுசுன்னு பேசற?” என்று அவரும் கிசுகிசுத்தார்.

“அத்தா நைட் ஷிப்ட். இப்பதான் படுத்தாங்க.”

அது போதும். இரவு ஷிப்ட் முடித்து ஒரு வீட்டில் அப்பா தூங்குகிறார் என்றால், நெய்வேலியில் காக்கைகூட யோசித்துத்தான் கரையும். அதன் பிறகு நடந்த வாக்குவாதம் முழுவதும் ரகசியக் குரலிலேயே நடந்தது.

“பேய்மிரட்டிதான இது? எங்க வூட்டாண்டகூட நிறைய இருக்குது. ஜொரம் வந்தா எங்கம்மா இதப் போட்டுத்தான் ஆவி புடிக்கும். வெட்டணும்னு எனக்கு மட்டும் ஆசையா? பலகை இல்லாத ஒரு செடியும் இருக்கக் கூடாதுன்னு செயலாளர் சொல்லிட்டாரு.”

ஹுமா விரித்த கைகளைக் கீழே இறக்கினாள். “பலகை இருந்தா?”

கொளஞ்சிநாதன் அரிவாளைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். திடலின் மறுகோடியைப் பார்த்தார்.

“இருந்தா நான் ஏன் தொடப்போறேன்? அந்தக் கோடியிலேருந்துதான் வெட்டிக்கினு வரப்போறேன். இங்க வந்து சேர எப்பிடியும் ஒரு மணி நேரம் ஆவும். எனக்கு இடுப்பு வலி வேற.”

ஹுமா ஓட்டமாக வீட்டுக்குள் போனாள், நுனிக்காலில். போன வருடத்து காலண்டர் அட்டை கிடைத்தது. உடைந்த ஒட்டடைக் கம்பு கிடைத்தது. தாவரவியல் பெயருக்கு அம்மா பாயிஜாவின் செல்போன் உதவியது. ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதினாள்.

‘பேய்மிரட்டி. அனிசோமீலஸ் மலபாரிகா. பயன்:’

இங்கே கொஞ்சம் யோசித்தாள். பிறகு, ‘சளி, ஜுரம், கொசு, பவித்ரா’ என்று எழுதி முடித்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து கொளஞ்சிநாதன் வந்து பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். “இத நான் எப்பிடி வெட்ட முடியும்? ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்” என்று மெல்லச் சொல்லிவிட்டு, செடியைச் சுற்றிப் புல்லை மட்டும் செதுக்கி, பாத்தியும் கட்டிக்கொடுத்தார்.

மாலையில் டெம்போ வந்தது. தொட்டிகளை இறக்கி எண்ணினார்கள். ஐம்பது. பலகைகளை எண்ணினார்கள். ஐம்பத்தொன்று.

“ஒன்னு மட்டும் நர்சரியில ஸ்டாக் இல்லையாம் சார்” என்றார் ராஜேந்திரன்.

“ஐம்பத்தொன்னுன்னு அழைப்பிதழ் அடிச்சாச்சேய்யா. பேனர் அடிச்சாச்சு. காந்திமதி மேடம் வராங்க. அவங்க எவ்வளவு பெரிய அதிகாரி தெரியுமா? வந்து எண்ணிப் பாத்தா?”

செடியில்லாமல் மிஞ்சிய பலகையை சக்கரபாணி திருப்பிப் பார்த்தார். ‘பேய்மிரட்டி’ என்று பொன்னெழுத்தில் இருந்தது.

அவர் தலையை நிமிர்த்தினார். மொட்டையடித்த திடலில், மறுகோடியில், ஒரே ஒரு செடி நின்றுகொண்டிருந்தது. அதன் அருகே காலண்டர் அட்டையில் அதே பெயர். அதன் அருகே ஹுமா.

சக்கரபாணி பொன்னெழுத்தையும் காலண்டர் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதை விட்டுவைக்கச் சொன்னதே நான்தான்” என்றார் சக்கரபாணி.

“ஆமாங்க” என்றார் கொளஞ்சிநாதன், காதைச் சொறிந்துகொண்டு.

ஹுமா மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முழுவதும் வெளியே வருவதற்குள் அடுத்த உத்தரவு வந்துவிட்டது. “சரி, இதைப் புடுங்கித் தொட்டியில வெச்சு, மேடைகிட்ட கொண்டு போங்க.”

“வேரு ஆழமா பூடுச்சு சார்” என்றார் கொளஞ்சிநாதன். “புடுங்குனா ரெண்டு நாள்ல காஞ்சிடும். விழா அடுத்த ஞாயித்துக்கெழமதான?”

சக்கரபாணி தாடையைத் தடவினார். ஹுமா தொட்டிகளைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள்.

“அங்கிள், இது ஒன்னுதான் நகராது. தொட்டி ஐம்பதும் நகருமே. மேடைகூட நகரும்.”

இப்படியாக, உலகத் தரம் வாய்ந்த மூலிகைப் பூங்கா, திடலின் நடுவிலிருந்து புறப்பட்டு, ஹுமா வீட்டுப் பின்சுவருக்கு வந்து சேர்ந்தது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் தான்தான் என்று செயலாளர் பிறகு குறிப்பிட்டார்.

அன்றிரவு பவித்ரா போனில் வந்தாள். தூத்துக்குடிப் பள்ளிக்கூடம், கடல், புதுத் தோழிகள் என்று நிறையச் சொன்னாள். கடைசியில் கேட்டாள்.

“நம்ம செடி எப்படி இருக்கு?”

“அதுக்கு மேடை போடறாங்க. பேனர் கட்டப்போறாங்க. பெரிய ஆபீசர் வராங்க.”

“பொய் சொல்லாத ஹுமா. வெட்டிட்டாங்களா?”

“இருக்குடி. சத்தியமா இருக்கு.”

போனை வைத்த பிறகு ஹுமா ஓட்டை வழியே பக்கத்து வீட்டைப் பார்த்தாள். பூட்டிய கதவு. சிமெண்டுத் தரையில் பாண்டி ஆடக் கிழித்த கட்டம் பாதி அழிந்து கிடந்தது. கடைசியாக ஆடியபோது அவுட் ஆனது யார் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. அது நினைவுக்கு வராதது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

அடுத்த ஞாயிறு மாலை விழா. பந்தல், ஒலிபெருக்கி, சீரியல் பல்பு, செயற்கை நீரூற்று, இரண்டு பெரிய மின்விசிறி. நடுநாயகமாக ஒரு மின்சாரக் குத்துவிளக்கு. பட்டனைத் தட்டினால் ஐந்து முகமும் எரியும். “எண்ணெய், திரி எல்லாம் பழைய காலம்” என்று சொல்லி சக்கரபாணியே வாங்கி வந்தது.

இவை அத்தனைக்கும் மின்சாரம் ராஜேந்திரன் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரே ஒரு வயரில் வந்தது. அந்த வயர் எதுவும் பேசாமல் வேலை செய்துகொண்டிருந்தது. சங்கத்தில் அப்படி வேலை செய்தது அது ஒன்றுதான்.

காந்திமதி வந்தார். கதர்ப் புடவை, கையில் பழைய தோல்பை. சக்கரபாணி பதினான்கு பக்க உரையைக் கையில் வைத்துக்கொண்டு, “வான்புகழ் கொண்ட நெய்வேலியின் வரலாற்றுப் பொன்னேட்டில்...” என்று தொடங்கினார். காந்திமதி பட்டனைத் தட்டினார்.

‘டப்.’

விளக்கு எரியவில்லை. சீரியல் பல்பு அணைந்தது. விசிறி நின்றது. நீரூற்று ஒருமுறை கொப்பளித்துவிட்டு அடங்கியது. ஒலிபெருக்கி செத்தது. ராஜேந்திரன் வீட்டு ஜன்னலிலிருந்து மெல்லியதாக ஒரு புகை வந்தது.

ஊர் ஊராக மின்சாரம் அனுப்பும் ஊரில், ஒரு விளக்கை ஏற்ற முடியவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவர்களை அதட்டிய பெரியவர்களும் வாயைப் பொத்திக்கொண்டுதான் அதட்டினார்கள்.

“ஒரு நிமிஷம் மேடம், ஒரே நிமிஷம்” என்றார் சக்கரபாணி. ஒலிபெருக்கி இல்லாமல் அவர் குரல் இவ்வளவு சின்னது என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ராஜேந்திரன் ஒரு பக்கம் ஓடினார். “குத்துவிளக்கு கொண்டாங்க” என்று யாரோ இன்னொரு பக்கம் ஓடினார்கள்.

ஹுமாவுக்கும் சிரிப்பு வந்தது. களை என்று சொன்னாரே, நன்றாக வேண்டும் என்று ஒரு நொடி நினைத்தாள். அப்போது சக்கரபாணி வியர்வையைத் துடைத்தார். துடைத்தது காந்திமதிக்குப் போர்த்த வைத்திருந்த பொன்னாடையில். அதுகூட அவருக்குத் தெரியவில்லை. மேடையில் பாட்டு மறந்துபோன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம்.

ஹுமாவின் சிரிப்பு நின்றது.

அவள் பேய்மிரட்டிக்கு அடியில் குனிந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். உள்ளே பவித்ராவின் ஹேர்க்கிளிப், நான்கு புளியங்கொட்டை, ஒரு அகல். சுவருக்கு மேலே, ஸ்டூல் போட்டு ஏறி நின்று விழா பார்த்துக்கொண்டிருந்த பாயிஜாவின் தலை தெரிந்தது.

“அம்மா, கொஞ்சம் நல்லெண்ணெய்.”

பாயிஜா எதற்கு என்று கேட்கவில்லை. கிண்ணம் சுவரைத் தாண்டி வந்தது. ஹுமா ஒரு இலையைப் பறித்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து முறுக்கி, எண்ணெயில் புரட்டி அகலில் சாய்த்தாள்.

“பச்சை இலை எரியாதும்மா” என்றார் சக்கரபாணி, அழாத குறையாக.

“எரியும் அங்கிள். தீப்பெட்டி வேணும்.”

கூட்டத்தில் யாரிடமும் தீப்பெட்டி இல்லை. எல்லோரும் நல்லவர்கள். கொளஞ்சிநாதன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

காந்திமதி குச்சியைக் கிழித்து இலையின் நுனியில் வைத்தார். இலை முதலில் சிணுங்கியது. சடசடவென்றது. பிறகு சமாதானமாகி, விரலளவு சுடராக நின்று எரிந்தது. அந்த நெடி மெல்ல எழுந்து பந்தல் முழுவதும் பரவியது.

யாரும் கை தட்டவில்லை. காந்திமதி குனிந்தவாறே நின்றார்.

“அந்த ‘தானே’ புயல் அடிச்சப்போ எத்தனையோ நாள் கரண்ட் இல்ல” என்றார். “மெழுகுவத்தி எந்தக் கடையிலயும் கிடைக்கல. பக்கத்து வீட்டுக்காரங்க இந்த இலையில ஒரு கட்டு கொண்டாந்து குடுத்தாங்க. அவங்க பிள்ளைங்களும் என் பிள்ளைங்களும் இந்த வெளிச்சத்துலதான் சாப்பிட்டாங்க. அப்புறம் அவங்களுக்கு மாற்றல் ஆயிடுச்சு. இப்ப எங்க இருக்காங்களோ.”

அதன் பிறகு விழாவை யாராலும் நடத்த முடியவில்லை. எல்லோருக்கும் ஒரு பக்கத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது. புயலில் விழுந்த மரத்தை யார் வெட்டிக் கொடுத்தார்கள், யார் வீட்டு அடுப்பில் எத்தனை பேருக்குச் சோறு வெந்தது, அவர்கள் ரிட்டயர் ஆகி எந்த ஊருக்குப் போனார்கள் என்று நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுப் பேசினார்கள். பேனரை யாரும் பார்க்கவில்லை.

சக்கரபாணி அகல் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சினார். “எங்கம்மா என் மூக்கைப் புடிச்சு ஒரு கஷாயம் ஊத்துவாங்க. இதே வாசனை. பேரு தெரியாது எனக்கு. கசப்பு மட்டும் ஞாபகம் இருக்கு.” பதினான்கு பக்கத்தையும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காந்திமதி காலண்டர் அட்டையைப் படித்தார். “பவித்ரா யாரு?”

“பக்கத்து வீடு மேடம். இப்ப தூத்துக்குடியில இருக்கா.”

காந்திமதி சாய்ந்திருந்த அட்டையை நேராக நிமிர்த்தி வைத்தார். போகும்போது ஒரு இலையைக் கிள்ளித் தோல்பையில் போட்டுக்கொண்டார்.

பூங்காவைப் பராமரிக்க ஒரு நீரூற்றும் குழு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவர், துணைத்தலைவர், இரண்டு இணைச் செயலாளர்கள். குழு மூன்று முறை கூடி, யார் தண்ணீர் ஊற்றுவது என்று தீவிரமாக விவாதித்தது. சித்திரை வெயில் அதுவரை காத்திருக்கவில்லை. வெயில் விட்டுவைத்ததை ஆடுகள் பார்த்துக்கொண்டன. அவை ஒவ்வொரு தொட்டியாக மேய்ந்து, கடைசியில் பேய்மிரட்டியிடம் வந்து, ஒரு வாய் கடித்து, தும்மிவிட்டுப் போய்விட்டன.

மே மாதம் முதல் வாரம், சுவர் ஓட்டையில் ஒரு தலை நுழைந்தது. இப்போது அந்த ஓட்டை கொஞ்சம் சின்னதாகிவிட்டிருந்தது. பவித்ரா தோளை ஒடுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். பின்கதவு வழியே நேராகச் செடியிடம் போனாள். இலையைத் தொட்டுப் பார்த்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தாள். கிளிப்பை எடுத்து ஹுமாவின் தலையில் குத்தினாள்.

“நிஜமாவே பேனர் கட்டியிருக்காங்கடி.”

“சொன்னேன்ல.”

இருவரும் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். எதிரே, வெயிலில், ‘உலகத் தரம் வாய்ந்த மூலிகைப் பூங்கா’ பரந்து கிடந்தது. பவித்ரா விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். காலண்டர் அட்டையையும் சேர்த்துத்தான் எண்ணினாள்.

பலகைகள் ஐம்பத்திரண்டு இருந்தன. செடி ஒன்று இருந்தது.